அக்கா மாடியேறாத நாள்

எங்கள் அக்கா அவர்களுக்கு இன்று பதினாறாம் நாள் காரியம். வெயிலைப் பாராமல் வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். அழகாக எழுதத் தெரிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் தம்பிதான் எழுத வேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார். நான் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எனக்கு எழுத வருவதெல்லாம் லோடு சீட்டுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது வெம்பக்கோட்டையில். மானாவாரிச் சோளமும் பருத்தியும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. மழை பொய்த்த வருடங்களில் அம்மா பட்டாசுக் கம்பெனி வேனில் எம். புதுப்பட்டிக்கு வேலைக்குப் போனார். சாயங்காலம் வேன் வரக் கொஞ்சம் பிந்தினால் அக்கா ரோட்டுக்கே போய் நின்றுவிடுவார். நானும் கூடப் போவேன், அம்மா வாங்கிவரும் முறுக்குக்காக. வீட்டில் இருந்த பயம் முழுவதையும் மூத்த பிள்ளையே எடுத்துக்கொண்டார், எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

மதுரையில் நர்சிங் டிப்ளமோ முடித்து, பதிவுபெற்ற செவிலியராகச் சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை பார்க்கும் அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டு, வெம்பக்கோட்டையிலேயே குடியிருந்தார். ஒரே மகள், என் மருமகள், இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்ததும் அக்காதான். வார்டில் எரிந்து விழுந்தார் என்று ஒரு நோயாளியும் சொன்னதில்லை. அந்த எரிச்சலையெல்லாம் சேர்த்து வைத்து என்மேல் காட்டினார்.

அவருக்கு டியூட்டி தீக்காய வார்டில். எங்கள் பக்கத்தில் 'சத்தம்' என்றால் ஒரே பொருள்தான். 'சத்தம் கேட்டுச்சா?' என்று ஒருவர் கேட்டால், எந்தக் கம்பெனி என்று அடுத்தவர் கேட்பார். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் சத்தம் கேட்டதும் வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். மாடியேறிப் புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். தன் ஆள் போன பக்கம் இல்லை என்றால் இறங்கி வந்து அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

அக்கா தினமும் காலையில் நான் கேட்டுக்குள் போகும் முன்பு போன் போட்டு, "இன்னைக்கு என்ன சட்டைலே போட்டிருக்க?" என்று கேட்பார். மாப்பிள்ளைச் சட்டை, பட்டுச் சட்டை என்று நானும் எதையாவது சொல்வேன். நிறத்தைச் சொல்லாமல் போனை வைக்க விடமாட்டார். பாசம் முற்றிப்போய் இப்படிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோடு வேலை பார்த்த சிஸ்டர் ஒருவர்தான் பின்னாளில் விளக்கினார். வார்டுக்கு வருகிறவர்களை முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாதாம். காலரிலும் இடுப்பிலும் ஒட்டியிருக்கும் துணியைத்தான் முதலில் பார்ப்பார்களாம். அதைக் கேட்ட பிறகு, போனை எடுத்ததும் நானே முதலில் நிறத்தைச் சொல்லிவிடுவேன்.

வேலையில் இருக்கும் செவிலியர்கள் ஆன்லைனிலேயே படித்துப் பட்டப்படிப்பை முடிக்கலாம் என்று ஒரு பல்கலைக்கழகம் அறிவித்தபோது அக்கா சேர்ந்துவிட்டார். விருதுநகரில் ஒரு நர்சிங் பள்ளியில் பாடம் நடத்த ஆள் தேவைப்பட்டது, ஆனால் பட்டம் இருந்தால்தான் எடுப்பார்கள். இந்த வயதில் படிப்பு எதற்கு என்று நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அந்த வேலை கிடைத்தால், எனக்கு வேறு வேலை அமையும்வரை இரண்டு வீட்டையும் தானே பார்த்துக்கொள்வதாகவும், நான் கம்பெனியை விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். "நீ பாஸ் பண்ணுக்கா, மறுநாளே விட்டுர்றேன்" என்று சொல்லி வைத்தேன். அவர் எங்கே பாஸ் பண்ணப்போகிறார் என்ற தைரியம்தான்.

பஸ்ஸில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பாடம் கேட்டார். குழம்பு கொதிக்கும்போது கேள்வி பதில் சொல்லிப் பார்த்தார். செய்முறைப் பயிற்சியைத் தன் மருத்துவமனையிலேயே முடித்தார். இறுதித் தேர்வு மட்டும் வீட்டில் லேப்டாப் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். இடையில் எழுந்தாலும், வேறு யாராவது அறைக்குள் வந்து பேசினாலும், அந்தத் தேர்வு செல்லாது.

முதல் முறை பாதித் தேர்வில் டமார் என்று கேட்டது. அக்கா எழுந்து மாடிக்கு ஓடிவிட்டார். புகையும் இல்லை, ஒன்றும் இல்லை. அணைக்கட்டுப் பக்கம் யாரோ ஒரு கம்பெனிக்காரர் வடநாட்டு வியாபாரிக்குப் புது ஐட்டத்தை வெடித்துக் காட்டியிருக்கிறார். கீழே இறங்கி வருவதற்குள் தேர்வு ரத்தாகிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் கேலி செய்தேன். அவர் மறு தேர்வுக்குப் பதிந்தார். மறு தேர்வு அடுத்த வருடம்தான் வந்தது. அதுவரை நான் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன், அக்காவும் சட்டையின் நிறத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் முறை கேட்டது உண்மையான சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அத்தான் பிரஸ்ஸுக்குப் போயிருந்தார், வீட்டில் மருமகள் மட்டும்தான். பிள்ளை மாடிக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றிருக்கிறாள். வாயைத் திறந்தால் தேர்வு போய்விடும். அதனால் கையை மட்டும் நீட்டி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் காட்டியிருக்கிறாள். என் கம்பெனி இருப்பது அந்த ரோட்டில்தான். அக்கா அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பி அடுத்த கேள்விக்கு விடை எழுதினார். முகமெல்லாம் கண்ணீர் வழிந்ததாம், ஆனால் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லையாம். மருமகள் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

வெடித்தது என் கம்பெனி இல்லை, எங்களுக்கு அடுத்த காம்பவுண்டு. அங்கே காயம்பட்டவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு நான்தான் அக்காவின் மருத்துவமனைக்குப் போனேன். தேர்வு முடிந்த கையோடு அக்காவும் வந்து சேர்ந்தார். கரி அப்பிய என் சட்டையைப் பார்த்தார். காது, கை, முதுகு என்று தடவிப் பார்த்தார். பிறகு வார்டுக்குள் போய் வேலையைத் தொடங்கினார்.

சாயங்காலம் காபி வாங்கிக் கொடுத்தபோதுதான் பேசினார்.

"சத்தம் கேட்டும் நான் எந்திரிக்கலலே. எந்திரிச்சா இன்னொரு வருசம் நீ அங்கன போவ. அதுக்குப் பயந்துதான் உக்காந்து எழுதுனேன். நீ செத்துருந்தியன்னா எதுக்குலே எழுதுனேன்?"

அதற்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்யவில்லை.

ரிசல்ட் வருவதற்குள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணச் சளி என்று தானே மாத்திரை போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனார். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்வதில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு மதுரைக்குக் கொண்டுபோனோம். நுரையீரல் இரண்டிலும் தொற்று பரவிவிட்டது என்றார்கள். வென்டிலேட்டர் பொருத்துவதற்கு முன்பு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, ரிசல்ட் வந்தால் மறைக்கக் கூடாது என்று சொன்னார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. சாவுக்குப் பயந்த மாதிரியே தெரியவில்லை. என் வாயைத்தான் அவர் நம்பவில்லை.

காரியத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தபோது ரிசல்ட் வந்தது. மருமகள் போனை என் முன்னால் நீட்டினாள்.

"அம்மா பாஸ், மாமா. நீங்க எப்ப விடப்போறீக?"

எனக்கு வேறு தொழில் தெரியாது. கம்பெனியை விட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது. இருந்தாலோ, ஒவ்வொரு வெடிமருந்து ரூம் கதவைத் திறக்கும்போதும் பயமாக இருக்கிறது. இரண்டையும் கட்டிக்கொண்டு இத்தனை நாளும் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாக நின்றுவிட்டேன்.

அக்காவை இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட மதுரை மருத்துவர்களுக்கும், தங்கள் டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்து கூட இருந்த வார்டு சிஸ்டர்களுக்கும், இறுதி ஊர்வலத்தன்று மெஷினை நிறுத்திவிட்டு வந்த பிரஸ் தோழர்களுக்கும், வாசலில் பந்தல் போட்டுச் சோறு ஆக்கிய தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் விடுபட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களை மறக்கவில்லை.

என் முதலாளி அண்ணாச்சி அவர்களும் பந்தலில்தான் உட்கார்ந்திருப்பார், அவர் கையிலும் இந்த மலர் இருக்கும். நேரில் போய்ச் சொன்னால், தீபாவளி ஆர்டர் முடியட்டும், ஒரு சீசன் மட்டும் இரு என்பார், நானும் தலையாட்டிவிடுவேன். அதற்குப் பயந்துதான் ஊரறிய அச்சில் எழுதுகிறேன். அண்ணாச்சி, நாளையிலிருந்து நான் வேலைக்கு வரவில்லை. எங்கள் அக்கா பாஸாகிவிட்டார்.