ஹீற் காணும்

1. மோர்னிங்சைடில் ஓர் அடுக்குமாடியின் கொதிகலனைக் காலையில் தணித்து வைத்தோம்.
2. கழிவுநீரின் சூட்டை எடுத்து, குழாய்வழியே இந்தப் பகுதிக்கெல்லாம் அனுப்பலாமா என்று பார்க்கிறோம். அந்தக் குழாய்த் தண்ணீர் இப்போது தணித்திருக்கும் அளவுக்குத்தான் சுடும். குடியிருப்பவர்களுக்கு அந்தச் சூடு போதவில்லை என்றால் இந்தக் கட்டடம் திட்டத்தில் சேராது.
3. ஆறு தமிழ் வீடுகளில் சூடு போதுமா என்று கேட்டேன். ஐந்தில், "ஹீற் காணும்." சென்னையில் பேனா தொலைந்தால் நாங்கள் சொல்வதும் 'காணும்'தான். ஆறாவது வீட்டு அங்கிள் கம்பளிக்குள்ளிருந்து அதையேதான் முணுமுணுத்தார் போலிருந்தது. ஆறிலும் 'இல்லை' என்று குறித்தேன்.

இப்போது ஏழாவது வீடு. என் வெப்பமானி இருபத்திரண்டு காட்டுகிறது. வெளியே பனி கொட்டுகிறது, இந்த வீட்டு ஆன்ட்டியின் ஜன்னலோ பாதி திறந்திருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஹீற் காணும், பிள்ளை."

"காணோம்னா ஜன்னலை ஏன் ஆன்ட்டி திறந்து வெச்சிருக்கீங்க?"

"காணும் எண்டபடியாத்தான்."

"அதான், எங்கே போச்சு?"

"காணாமப் போக உது என்ன பூனையே? போதும் எண்டுறன்!" ஆன்ட்டி உள்ளறைப் பக்கம் திரும்புகிறார். "இஞ்சேருங்கோ, இந்தியாப் பிள்ளை எங்கட ஹீற்றைத் தேடுது!"

உள்ளேயிருந்து கணவரின் சிரிப்பு வருகிறது. "அப்ப போதலைன்னா என்ன சொல்வீங்க?" என்று கேட்கிறேன்.

"காணாது."

மின்தூக்கி அருகே நின்று ஐந்து 'இல்லை'யை அடிக்கிறேன். ஆறாவதில் பேனா நிற்கிறது. கம்பளிக்குள்ளிருந்து வந்தது காணுமா, காணாதா?

நிலவரம்: ஆறு வீடுகளில் போதும். ஒரு வீட்டில் தெரியவில்லை. மறுபடி நாலாம் மாடி அங்கிள் வீட்டுக்குப் போகிறேன்.