ரப்பர் இல்லாத வகுத்தல்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் லிஃப்ட்காரர். இருபத்தாறு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தார். லிஃப்டின் மூளையாக இருந்த மின்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமல் ஒருநாள் ரோஷம் வந்து, படித்தே தீர்வதென்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. இன்று அறுபத்தொரு வயதில், ஊர் உலகமெல்லாம் புரோகிராம் எழுதும் ஒரு கணினி மொழிக்குள் வகுத்தல் கணக்கைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருக்க, வகுத்தல் இவர் கைக்கு வந்தது. சும்மா வருமா?

அந்த மொழியில் எண்ணின் நீளத்துக்கு வரம்பு கிடையாது. லட்சம் இலக்கம் என்றாலும் அசராது. ஆனால் அவ்வளவு பெரியதைக் கணினி ஒரே வாயில் விழுங்காது. எண்ணைத் துண்டு போட்டு, ரயில் பெட்டிகளைப் போலக் கோத்து வைப்பார்கள். பெட்டி ஒன்றில் நானூறு கோடிக்கு மேல் அடங்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டு ஜன்னலோரம் கண் செருகும்போது, லிஃப்ட்காரருக்கு அந்த ரயில்கள் வரும். மேகத்துக்குள்ளிருந்து வந்து மேகத்துக்குள் போகும். துளிச் சத்தம் இருக்காது. பெட்டிக்குப் பெட்டி விளக்கு எரியும். அவர் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக்கொண்டே போவார், கடைசிப் பெட்டி வரவே வராது.

மூன்று வாரத்துக்கு முன் அப்படி ஒரு சொக்கலில் இருந்தபோதுதான் அந்த ஐந்து வரிகள் அவர் கண்ணில் பட்டன. வகுத்தலில் பாதி ஊகம். முன்பெட்டிகளை மட்டும் பார்த்து, இத்தனை முறை போகும் என்று ஊகித்துப் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஊகம் ஒன்று கூடிப்போனால் திரும்பக் கூட்டிச் சரிசெய்ய அந்த ஐந்து வரிகள். வாய்க்கு வந்த எண்களைக் கொடுத்துப் பத்துக் கோடி கணக்கு ஓட்டிப் பார்த்தார். ஒரு தடவைகூட அந்த வரிகளுக்கு வேலை வரவில்லை. "எவனோ பயந்தாங்கொள்ளி எழுதியது" என்று குறிப்பு எழுதி, தூக்கி எறிந்தார். மற்ற இடங்களையும் இழைத்தார். வகுத்தல் பறந்தது. இன்று நாலு மணிக்குப் புதிய பதிப்பு வெளியாகிறது. அறிவிப்பின் முதல் வரியிலேயே அவர் பெயர்.

மணி இரண்டே கால். பெருமை தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"எறிஞ்சீங்க சரி. அது எதுக்கு இருந்துச்சுன்னு யாரையாவது கேட்டீங்களா?"

"கேக்க என்ன இருக்கு? பத்துக் கோடி தடவை சும்மா உக்காந்து சாப்பிட்டிருக்கு."

"உங்க தம்பியும்தான் ஆறு மாசம் இங்க வந்து உக்காந்திருந்தாரு. அவரை எறிஞ்சீங்களா? சரி, எனக்குப் புரியற மாதிரி ஒரு கணக்குப் போடுங்க. நாலாயிரத்தை நம்ம வீட்டு நம்பரால வகுங்க பாப்போம்."

வீட்டு எண் ஐந்நூற்றொன்பது. பென்சிலை எடுத்தார். பெட்டிக்கு ஒரே இலக்கம் என்று வைத்துக்கொண்டு, தன் புரோகிராம் செய்வதைப் போலவே முன்பகுதியை மட்டும் பார்த்தார். நானூற்றில் ஐம்பது எட்டு முறை. எட்டு எழுதினார். பெருக்கினால் நாலாயிரத்து எழுபத்திரண்டு.

"நாலாயிரத்துல அது எப்படிங்க போகும்?"

"ஒண்ணு கூடிப்போச்சு. ஏழு போட்டா..." என்று ரப்பரை எடுத்த கை அந்தரத்தில் நின்றது.

அவர் புரோகிராமிடம் ரப்பர் இல்லை. அவர்தான் பிடுங்கி எறிந்திருந்தார்.

பெட்டி சின்னதானால் ஊகம் அடிக்கடி தவறும். நானூறு கோடி பிடிக்கும் பெட்டியில் இருநூறு கோடியில் ஒரு முறைதான் தவறும். அவர் ஓட்டியதோ பத்துக் கோடி. கடலில் ஒரு குவளை மொண்டு பார்த்துவிட்டு மீனே இல்லை என்று சொன்ன கதை.

ஜன்னலுக்கு வெளியே வெயில் பாலாடை போல அசைந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்கைக்குத் தெரியாது. ரயில் வந்தது. எங்கோ நடுவில் ஒரே ஒரு பெட்டியில் விளக்கு அணைந்திருந்தது. அதற்குள் முகம் தெரியாத ஒருத்தி உட்கார்ந்து, வந்த விடையை நம்பி எழுதிக்கொண்டிருந்தாள். ரயில் நிற்காமல் போயிற்று.

போனை எடுத்தார். அந்த மொழியைப் பார்த்துக்கொள்ளும் குழுவின் தலைவி அவரைவிட இருபது வயது இளையவள்.

"தங்கச்சி, பதிப்பை நிறுத்தும்மா."

"ஏண்ணே, உங்க பேரைத் தப்பாப் போட்டுட்டோமா?"

"பேரு சரிதான். பேருக்கு உரியவன்தான் தப்புப் பண்ணிட்டான். பெட்டிக்கு ஒரே இலக்கம்னு மாத்தி ஓட்டிப் பாரு."

விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு ஒரு நீண்ட மூச்சு.

"அண்ணே, பத்துக் கணக்கு தாண்டல, அதுக்குள்ள தப்பு வருது."

"அந்த அஞ்சு வரியைத் திருப்பி வச்சிடறேன்."

"வைங்க. பயந்தாங்கொள்ளின்னு எழுதியிருந்தீங்களே, அது நான்தான்ணே."

லிஃப்ட்காரர் ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னண்ணே, சத்தத்தையே காணோம்?"

"மன்னிப்புக் கேக்கறதை எட்டாம் கிளாஸ் வரைக்கும் நடத்தலம்மா. ஒன்பதுல இருந்திருக்கும்."

அவள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

பதிப்பு மறுநாள் காலை வெளிவந்தது. ஐந்து வரிகளைத் திருப்பி வைத்ததில் வேகம் மயிரிழைகூடக் குறையவில்லை. அவர் இழைத்த மற்ற இடங்கள் அப்படி. அறிவிப்பில் அவரே கேட்டு இன்னொரு வரி சேர்க்க வைத்தார்: நீக்கியதும் இவரே, திருப்பி வைத்ததும் இவரே.

"தப்புப் பண்ணினாலும் இருநூறு கோடியில ஒண்ணாப் பண்ணணும். அதைப் பிடிக்கவும் ஒரு ஆள் வேணும்," என்றார் மனைவியிடம்.

"பிடிச்சது யாரு?"

அவர் வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு தலைவிக்குப் போன் போட்டு, மூன்றாவதாக ஒரு வரி சொல்லத் தொடங்கினார்.