மங்கையற்கரசி ஏற்றிய விளக்குகள்

காலையில் வெங்காயம் உரிப்பது மங்கையற்கரசியின் வேலை. கனடாவின் ஸ்காபரோவில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளும், அவற்றுக்கு இறைச்சி ரோல்ஸ் பொரித்து அனுப்புகிற சமையற்கூடம் ஒன்றும் அவர் பெயரில் இருக்கின்றன. உரிப்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை. மற்றவர்கள் பாதி வெங்காயத்தைத் தோலோடு சேர்த்து எறிகிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் குற்றச்சாட்டு.

கொடுப்பதில் அவர் அப்படி இழுத்துப் பிடிக்கிறவர் அல்ல. ஆஸ்பத்திரிக்கு டயலிசிஸ் மெசின் வாங்கிக் கொடுத்தார். புதிதாக வந்திறங்கும் பிள்ளைகளின் படிப்புக்கு வருடந்தோறும் கொடுக்கிறார். அதனால் எந்த விழாவிலும் குத்துவிளக்கின் முதல் திரி அவருக்குத்தான். பொன்னாடை போர்த்தியதும் மைக்கைப் பிடித்து ஒரே கதையைச் சொல்வார். அகதியாக வந்து இரத்தினவேல் அண்ணையின் கடையில் ரோல்ஸ் சுற்றியது, தனிக்கடை போடப்போவதாகச் சொன்ன அன்று அண்ணை எண்ணெய்ச் சட்டியை விட்டுத் தலை நிமிராதது, திறப்பு விழாவுக்கும் வராதது. "போயிட்டு வா பிள்ளை எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை" என்று முடிப்பார். சபை கைதட்டும். அண்ணை காலமாகிவிட்டார், மறுத்துச் சொல்ல ஆளில்லை.

அன்று காலை, ரோல்ஸ் பகுதியைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிற கஜனி எதிரே வந்து நின்றாள்.

"அன்ரி, அஜக்ஸிலை ஒரு கடை எடுத்திருக்கிறன்."

"என்ன கடை?"

"எனக்கு வேறை என்ன தெரியும்? ரோல்ஸ்தான்."

"உன்ரை மனிசன் அடுப்புக்குக் கிட்டவும் போகான். ஆர் பொரிக்கிறது?"

"நான் பொரிப்பன். அவர் டெலிவரி. காரெண்டால் ஆள் எங்கையும் போவார்."

மங்கையற்கரசி சிரித்துவிட்டார். பிறகு கையிலிருந்த கத்தி நின்றது. சனிக்கிழமைகளில் அவருடைய கடை வாசலை நிறைப்பவை பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து வருகிற கார்கள்தாம்.

"தை பிறக்கத் திறக்கிறம். நீங்கள்தான் வந்து விளக்கேத்தவேணும், அன்ரி. நீங்கள் வராட்டி, நான் சண்டை பிடிச்சுக்கொண்டு போனனெண்டு சனம் கதைக்கும்."

"உள்ளுக்கை இன்னொரு சாக்கு வெங்காயம் கிடக்கு. எடுத்துக்கொண்டு வா."

கஜனி சாக்கை இழுத்துவந்து அவர் காலடியில் வைத்தாள். வாய்க்கட்டையும் அவிழ்த்துவிட்டாள்.

"வருவியளோ?"

மங்கையற்கரசி தலை நிமிராமல் ஒரு வெங்காயத்தை எடுத்து, நுனியை வெட்டி, சதை போகாமல் தோலை உரித்தார். அது முடிய இன்னொன்றை எடுத்தார். கஜனி ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சமையற்கூடத்தை விட்டு வெளியே போனாள்.