எல்லை தாண்டாத காப்பு

காலைப் பூசையில் பதிகத்தின் கடைசிப் பாட்டுக்கு வந்திருந்தேன். அந்த நேரத்தில் நான் தொலைபேசியை எடுப்பதில்லை என்பது எங்கள் பழைய மாணவி பவுனுவுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் விடாமல் அழைத்தபோதே என் கை தீபத்தட்டைக் கீழே வைத்துவிட்டது. "அய்யா, மேடம் போயிட்டாங்க" என்றாள். எடப்பாடியில் தம் வீட்டில் வலிப்பு வந்து விழுந்த பேராசிரியர் தாயம்மாள் பிறகு எழவில்லை. அந்த வலிப்பு எப்போது தொடங்கியது என்பதை அவரோடு பணியாற்றிய நீங்கள் அறிவீர்கள். இரும்புக் குழாய் அவர் தலையில் இறங்கிய நாளன்று தொடங்கிய சாவு இப்போதுதான் முடிந்திருக்கிறது. அன்று அருகில் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தாயம்மாள் விலங்கியல் துறை, நான் தமிழ்த்துறை. விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர் ஆதலால் அவருக்கு மெல்லப் பேச வராது. மாணவர், காவலாளி, துணைவேந்தர் எவராயினும் அவருக்குச் 'சாமி'தான். என் திருநீற்றையும் நியமங்களையும் கேலி செய்யாமல் அவர் ஒருநாளும் என் அறையைக் கடந்ததில்லை. ஆனால் பண்டிகை நாட்களில் முதல் பிரசாதம் கேட்டு வந்து நிற்பவரும் அவரே.

அந்நாளில் எங்கள் வளாகத்தில் மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே யார் இன்ன சாதி என்று சொல்லிவிடலாம். உணவகத்தில் தட்டு இடித்துவிட்டது என்பதற்காக ஒருவனின் முன்பற்களை உடைத்தார்கள். அவனுடைய வாய் இரத்தம் சாம்பார் வாளிக்குள் சொட்டியதை நானே கண்டேன். மாணவர் பேரவைக்கும் ஆள்பலம் உள்ளவர்களே வந்தார்கள். மலையிலிருந்து வந்த பிள்ளைகள், பார்வையற்றோர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தோர் ஆகிய அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் ஓர் இடம் பேரவையில் வேண்டும் என்று தாயம்மாள் ஆண்டுக்கணக்கில் போராடினார். ஒருவழியாகத் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் எதிர்த்தவர்கள் அதில் ஒரு முள்ளை வைத்தார்கள்: அந்த உறுப்பினர் குறித்த நாளில் வளாகத்தில் பதவியேற்காவிட்டால், அந்த இடமே நீங்கிவிடும்.

பவுனு தேர்ந்தெடுக்கப்பட்டாள். சேந்தமங்கலத்துக்கு மேலே கொல்லிமலையில் பிறந்தவள், வரலாறு படித்தவள். மறுநாளே தாயம்மாளின் ஸ்கூட்டர் அவர் வீட்டு வாசலில் எரிந்து கிடந்தது. அதன்மேல் அறுத்த சேவலின் தலையும் கிடந்தது. பவுனுவுக்கு என்னென்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதை இங்கே எழுத என் கை கூசுகிறது. அவள் மலைக்கே திரும்பிவிடுவதென்று பையைக் கட்டிக்கொண்டாள்.

அன்று மாலை தாயம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் அறைக்குள் வந்தார். மேசைமேல் ஒரு மஞ்சள் கயிற்றை வைத்து, தமக்குக் காப்புக் கட்டிவிடும்படி கேட்டார். நான் மறுத்தேன். மாரியம்மன் விழாவுக்குக் கட்டுவது காப்பு. கட்டியவர் விழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டலாகாது. அதை விளையாட்டாகக் கட்டக் கூடாது என்றேன்.

"அந்த எல்லதானுங்க எனக்கு வேணும். இவ பதவி ஏத்துக்கற வரைக்கும் நம்ம கேட்டத் தாண்ட மாட்டேன். தாண்டுனா ஆத்தா கேக்கட்டும்."

அம்மனை இந்த வழக்குக்குள் இழுக்கலாமா என்றேன்.

"ஏனுங்கய்யா, ஆத்தா யுனிவர்சிட்டிக்குள்ள வரோணும்னா அட்மிசன் போடோணுங்களா?"

சிரித்துவிட்டேன். சிரித்த வாயால் அம்மன் பெயரைச் சொல்லிக் கட்டிவிட்டேன். அவர் பவுனுவிடம் திரும்பி, "அம்மிணி, நீ ஓடுனீன்னா நான் சாகற வரைக்கும் இங்கயே கெடக்கோணும். பாத்துக்க" என்றார். அந்தப் பெண் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். தாயம்மாள் அன்று முதல் மகளிர் விடுதியிலேயே தங்கினார்.

பதவியேற்பு நாளில் அரங்கின் முன் புல்வெளியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இறைவணக்கம் பாடி முடிப்பதற்குள், முகத்தைத் துண்டால் மூடியவர்கள் மதில் ஏறிக் குதித்தார்கள். லாரி பாடி கட்டும் பட்டறையில் கிடக்குமே, அந்த இரும்புக் குழாய்கள் அவர்கள் கையில் இருந்தன. முதல் அடி ஒலிபெருக்கிக்காரரின் முழங்கையில் விழுந்தது. பார்வையற்ற மாணவன் ஒருவன் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அவர்கள் நடுவிலேயே போய்ச் சிக்கினான், அவனையும் விடவில்லை. எலும்பு முறியும் ஓசையைப் போர்க்களப் பாட்டுகளில் எத்தனையோ முறை உரை சொல்லிப் பாடம் நடத்தியவன் நான். அன்றுதான் அதைக் காதால் கேட்டேன்.

பவுனுவின் தலைக்கு ஓங்கிய குழாய்க்கு முன்னால் தாயம்மாள் பாய்ந்தார். இடப்பக்க நெற்றி பிளந்தது. அந்த வேகத்தில் அடித்தவனின் துண்டு நழுவியது. அவர் ஆய்வகத்திலேயே படித்த செந்தில். அவனும் அவரைப் பார்த்தான். குழாய் கையிலிருந்து விழுந்தது. அடுத்த கணம் இந்தப் பக்கத்து மாணவர்கள் அவனைச் சூழ்ந்து, அதே குழாயை எடுத்து அவன் விலாவில் இறக்கினார்கள். வாயில் நுரையும் இரத்தமும் வந்த பின்பும் நிறுத்தவில்லை. தாயம்மாள் தவழ்ந்து போய் அவன்மேல் விழுந்தார்.

"போதும் சாமிகளா. இவன் செத்துட்டா, நான் யாருக்கு எதிரா சாட்சி சொல்லி உள்ள தள்றது?"

கைகள் தாமாக நின்றன.

ஆம்புலன்ஸ் வந்தது. முதலில் செந்திலை ஏற்றச் சொன்னார். அடுத்த வண்டி வந்தபோது ஏற மறுத்து, பூவரச மரத்தடியில் அமர்ந்துவிட்டார். ஒரு கண் இரத்தத்தில் மூடிப்போயிருந்தது. சேலத்து மருத்துவமனை எங்கள் வளாக வாயிற்கதவுக்கு வெளியே அல்லவா இருக்கிறது! மஞ்சள் கயிறு சிவந்திருந்த கையை என் பக்கம் நீட்டி, "கட்டிவிட்டது நீங்கதானுங்க. இவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். எனக்குத் தெரிந்த நியமங்கள் யாவும் அந்தக் கணத்தில் உதிர்ந்துபோயின. உயிர் போகும் வேளையில் எந்த விரதமும் இல்லை, அம்மன் மன்னிப்பாள் தாயே, புறப்படுங்கள் என்று கெஞ்சினேன்.

"ஆத்தா மன்னிப்பா. தீர்மானம் மன்னிக்காதுங்கய்யா."

அவர் வெளியேறினால் கூட்டம் கலையும், பதவியேற்பு நடக்காது, அன்றோடு அந்த இடமும் போய்விடும். பதிவாளர் உறுதிமொழித் தாளோடு ஓடிவந்தார். கவிழ்ந்த நாற்காலிகளுக்கு நடுவே, தன் ஆசிரியையின் இரத்தம் தோய்ந்த துப்பட்டாவுடன் பவுனு நின்று வாசித்தாள். பாதியில் குரல் உடைந்தது. "சத்தமா, அம்மிணி" என்று மரத்தடியிலிருந்து அதட்டல் வந்தது. கடைசிச் சொல்வரை சத்தமாக வாசித்தாள். "இப்பத் தூக்குங்க" என்றார் தாயம்மாள். வண்டியில் ஏற்றும்போது நான் காப்பை அவிழ்த்தேன். அதுவரை அதைத் தொட எவரையும் அவர் விடவில்லை.

இடக்கண் போயிற்று. வலிப்பு வந்து குடியேறிற்று. சொன்னபடியே நீதிமன்றத்தில் செந்திலைக் கைநீட்டிக் காட்டினார். அவன் தண்டனை முடித்து வந்து படிப்பைத் தொடரக் கேட்டபோது, சேர்க்கவே கூடாது என்றவர்களில் நானும் ஒருவன். "கோர்ட்டு அடிச்சாச்சு. நாம வேற எதுக்குங்க ரெண்டாவது தடவ அடிக்கோணும்?" என்று எங்களோடு சண்டையிட்டு அவனைச் சேர்த்தார். ஆயினும் அவனைப் பார்த்து அவர் சிரித்ததை நான் கண்டதில்லை. 'சாமி' என்று அழைத்ததையும் பிறகு கேட்டதில்லை. அவர் தெய்வப் பிறவி என்று இரங்கற் கூட்டத்தில் பேச இருப்பவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பவுனு இன்று கல்லூரி ஆசிரியை. அவள் தோள் கொடுத்த பாடைக்குப் பின்னால், கூட்டத்தை விட்டு விலகி செந்தில் நடந்து வந்தான்.

அந்தக் கயிறு என் பூசைப் பேழையில், திருநீற்றுச் சம்புடத்துக்கு அருகில் இருக்கிறது. மஞ்சள் முற்றும் மறைந்து, உலர்ந்த இரத்தத்தில் விறைத்துக் கிடக்கிறது. அவிழ்த்த காப்பை நீரில் விட வேண்டாமா என்று என் மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள். பேரவையில் அந்த ஓர் இடம் எதற்கு என்று கேட்டு இந்த ஆண்டும் மனு வந்திருக்கிறது. விழா முடிந்த பிறகுதான் காப்பை நீரில் விட வேண்டும். நியமம் தவறாமல் வைத்திருக்கிறேன்.