அமானிதமாக வந்த ஆமை

சாய்ந்தமருதில், நாங்கள் அண்ணனாக நினைக்கும் காலிதீன் காக்காவின் வீட்டுக்குப் போனால் உட்கார இடம் தேட வேண்டும். பாதி ஊரின் சாமான் அங்கேதான் கிடக்கிறது. கட்டாருக்குப் போனவரின் மோட்டார் சைக்கிள், கொழும்பில் மகளோடு தங்கியிருப்பவரின் தையல் மெசின், யாருடையவை என்று அவருக்கு மட்டுமே தெரிந்த சாவிக் கொத்துகள். ஒருவர் நம்பி ஒப்படைக்கிற பொருளை எங்கள் பக்கம் அமானிதம் என்போம். அதைத் தந்தபடியே திருப்பித் தருகிற மனிதர் என்று பெயர் எடுத்தவர் அவர். பகலில் நெல் ஆலையில் மூட்டை நிறுக்கிறார்.

எனக்கு இந்த நல்ல பெயரில் அவ்வளவு பிரியம் கிடையாது. ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாத மனிதன் ஒருவன் அகப்பட்டால் ஊர் அவன் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிடும். நான் றாஸிக், அடுத்த ஒழுங்கையில் இருக்கிறேன், வயறிங் வேலை. அவர் கூப்பிட்டால் முணுமுணுத்துக்கொண்டாவது போய்விடுவேன், அது வேறு விஷயம்.

போன மாரியில் அவர் தலையில் ஏறியது ஓர் ஆமை. ஊருக்கெல்லாம் அக்காவான ஸம்ஸியா ராத்தா மக்காவுக்கு உம்றாப் பயணம் புறப்படும்போது கண்ணாடித் தொட்டியோடு கொண்டுவந்து வைத்தார். கொஞ்சம் தண்ணீர், ஏறிக் கிடக்க ஒரு கல், காதோரம் சிவப்புக் கோடு ஓடிய உள்ளங்கை அளவு ஆமை. பெயர் சீனி. மகள் கல்யாணம் முடித்து வெளிநாடு போனபோது விட்டுவிட்டுப் போனது. ராத்தா ஓய்வு பெற்ற ரீச்சர். தனி வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை அதுதான்.

“தம்பி, இதுக்குக் குளிர் ஆகா. மழ நாளையில சூடு வேணும். போன வருசம் கண்ணெல்லாம் வீங்கிப் போயித்து. இது போனா எனக்கு வீட்டுல ஆரு இரிக்கா?” என்று சொல்லிக்கொண்டே தொட்டியின் கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்த நாளே காக்கா என்னைக் கூப்பிட்டார். தொட்டியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. மேலே கண்ணாடி மூடி. மூடியின் மேல் நூறு வாற்ஸ் குண்டு பல்பு தொட்டுக்கொண்டு கிடந்தது. சூடு போய்விடாமல் இருக்க அதற்கு மேல் ஒரு துவாய் வேறு. மூடியில் ஏற்கெனவே ஒரு வெடிப்பு.

“காக்கா, இது ஆமைக்குச் சூடு குடுக்கவா, வீட்டுக்கு நெருப்பு வெக்கவா?”

“அதுக்குத்தானே உங்கள வரச் சொன்ன. செய்யிறதச் செய்யுங்க.”

துவாயை எடுத்து எறிந்தேன். கண்ணாடி மூடிக்குப் பதிலாகக் கம்பிவலை மூடி போட்டேன். பல்பைச் சூடு தாங்கும் பீங்கான் ஹோல்டரில் மாட்டி, கம்பிவலைக்கு மேலே இடைவெளி விட்டு, தொட்டியின் ஒரு பக்கத்தில் கல்லுக்கு நேராகத் தொங்கவிட்டேன். மற்றப் பக்கத்துக்குச் சூடு கிடையாது. சுட்டால் அந்தப் பிராணி விலகிப் போக இடம் வேண்டும். கல்யாண வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் பாய் கிடைத்தவர்களுக்கு இது நான் சொல்லாமலே விளங்கும். சூடு கூடினால் தானாகப் பல்பை அணைக்கிற சின்னக் கருவி ஒன்றையும் பூட்டினேன். வயர் பிளக்குக்கு ஏறும் முன் கீழே ஒரு வளைவு விட்டேன், தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும்.

அதற்குப் பிறகும் காக்காவுக்கு நிம்மதியில்லை. ஆலைக்குப் போகும் முன் வெப்பமானியைப் பார்ப்பார், வந்ததும் பார்ப்பார். கரண்ட் போய் வந்தால் ஓடிப்போய்ப் பார்ப்பார். மனைவி ஆகிலாவிடம் பல்பில் கை வைக்காதே, வயரில் கை வைக்காதே என்று ஒரே ஓதல்.

“மூணு புள்ள வளத்த எனக்கு ஒரு ஆமையப் பாக்கத் தெரியாதா?” என்று ஆகிலா ஒருநாள் வெடித்துவிட்டார்.

மழை விடாமல் பெய்து, ஒரு காலையில் வானம் வெளித்தது. அப்படி ஒரு வெயில் வந்தால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று தெரியும்தானே. வீட்டிலுள்ள தலையணை, பாய், மெத்தை எல்லாம் மதிலுக்கும் முற்றத்துக்கும் வந்துவிடும். ஆகிலாவும் எல்லாவற்றையும் வெளியே போட்டார். உள்ளே வந்து பார்த்தால் சீனி பல்புக்குக் கீழே கிடக்கிறது. பாவம், அல்லாஹ் தந்த வெயில் இருக்க இதற்கு எதற்குப் பல்பு என்று நினைத்தார். சுவிட்சை அணைத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து தொட்டியைத் தூக்கி முற்றத்து வெயிலில் வைத்தார். காகம் கொத்தாமல் இருக்கக் கம்பிவலை மூடியையும் போட்டுவிட்டு, மனசு நிறைந்து சமைக்கப் போனார். நாங்கள் எல்லாரும் கரண்டுக்குத்தான் பயந்தோம். வெயிலுக்குப் பயப்பட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மதியம் ளுஹர் தொழுதுவிட்டு நானும் காக்காவும் சேர்ந்து வந்தோம். படலையைத் திறந்ததும் அவர் ஓடினார். தண்ணீருக்குள் கையை விட்டு உடனே இழுத்துக்கொண்டார். வெயில் கண்ணாடிக்குள் புகுந்து உள்ளேயே கிடந்து காய்ந்திருக்கிறது. விலகிப் போக ஒரு விரற்கடை நிழல் இல்லை. சீனி வாயைத் திறந்தபடி, கழுத்தைத் தொங்கவிட்டுக் கிடந்தது.

ஆகிலா ஐஸ் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தார். நான் தடுத்தேன். ஒரேயடியாகக் குளிர்ந்தால் அதுவும் கூடாது. நிழலில் ஒரு பேசினில் சாதாரணத் தண்ணீர் கொஞ்சமாக ஊற்றி, தலை வெளியே இருக்கும்படி கிடத்தினோம். காக்கா பக்கத்தில் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சோறு வேண்டாம், ஆலைக்கும் போகவில்லை. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது சீனி பின்னங்காலை மெல்ல உள்ளே இழுத்தது. அந்த மனிதர் அழுதுவிட்டார். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

“இஞ்ச பாருங்க,” என்றார் ஆகிலா. “அல்லாஹ் காப்பாத்திட்டான். ராத்தாக்கிட்ட இதச் சொல்லாதீங்க. அவட வாயில விழுந்தா மறுகா நான் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகேலா.”

நான் ஆகிலாவின் பக்கம் நின்றேன். “ஓம் காக்கா. உசிரோட திருப்பிக் குடுக்கிறதானே. என்ன குற?”

“அவ நம்பித் தந்தத நாம அவிச்சிட்டம் றாஸிக்,” என்றார். அதன் பிறகு அந்த வீட்டில் சோற்றுக் கோப்பை வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

ராத்தா ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமுமாக வந்த அன்று, பல்பைக் கழற்ற நானும் அங்கே நின்றேன். சீனி கல்லில் ஏறிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது. ராத்தா குனிந்து, “வந்திட்டன் மகள்,” என்றார். ஆகிலா குசினித் திரைக்குப் பின்னால் நின்றார்.

“ராத்தா, ஒரு கத இரிக்கி,” என்று காக்கா தொடங்கினார். “வெயில் வந்த அண்டைக்கித் தொட்டி வெயில்ல இருந்து, சீனி மௌத்தாகப் பாத்த. என்ட பொறுப்புல நடந்த. என்ன மாப் பண்ணுங்க.”

யார் வைத்தது என்று அவர் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை, மனைவியையும் காட்டிக்கொடுக்கவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். திரை விலகியது.

“அவரில்ல ராத்தா,” என்றார் ஆகிலா. “நான்தான் வெச்ச. சொல்ல வேணாமெண்டு கெஞ்சினதும் நான்தான்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ராத்தா கம்பிவலை மூடியைப் பார்த்தார், மேலே தொங்கிய பல்பைப் பார்த்தார், கையை உள்ளே விட்டு ஆமையின் முதுகைத் தடவினார்.

“மாரி இன்னும் முடியல்ல,” என்றார் பிறகு. “முடியுமட்டும் சீனி இஞ்சயே கிடக்கட்டும். ஆனா இந்த முற தம்பிக்கிட்ட இல்ல. ஆகிலா, உன்ட கையில தாறன்.”

ராத்தா நீட்டிய பேரீச்சம்பழப் பொதியை வாங்கவும் மறந்து, ஆகிலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.