நீலம் மாறாத சீனிக் குழாய்

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனைக்கு அண்மையிலிருந்த ஓர் அரச வைத்தியசாலையில் ஆய்வுகூட உதவியாளனாகச் சேர்ந்தேன். விவாத மேடைகளில் எதிரணியை வாயடைக்கச் செய்தவன் என்ற பெருமிதம் என்னிடம் நிறையவே இருந்தது. நீரிழிவு கிளினிக்கில் காத்திருப்போருக்கு விளக்கவுரை ஆற்றும் பொறுப்பை டொக்டர் எனக்குத் தந்ததும் அதனால்தான்.

அன்று என் உரையின் இலக்கு ஒரே ஒருவர்: இறக்காமத்து நெற்காணிக்காரர் ஆதம்பாவா போடியார். அவருடைய வலக்காற் பெருவிரலில் ஆறாத புண். சிறுநீரை நீல நிறப் பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கும்போது நீலம் மாறாவிட்டால் சீனி இல்லை. செங்கல் நிறமானால் மிக அதிகம். அவருடைய குழாய் ஒவ்வொரு முறையும் செங்கல் நிறமே காட்டியது. இது இறங்காவிட்டால் விரலை எடுக்க நேரும் என்று டொக்டர் எச்சரித்திருந்தார்.

"சீனிய நான் கையாலயும் தொடல்ல தம்பி," என்றார் போடியார். "தேத்தண்ணிக்குத் தேன். இல்லாட்டி ஒரு கடி பனங்கட்டி. தேன் மருந்தெல்லா?"

"மருந்தெண்டா கரண்டியால குடிக்கணும். இவரு கோப்பையால குடிக்காரு," என்றார் அவர் மனைவி. மண்டபம் சிரித்தது.

நான்கு குழாய்களை நிறுத்தினேன். வெள்ளைச் சீனி, பனங்கட்டி, கித்துள் மரத்துப் பாகான பாணி, தேன் ஆகியவற்றைத் தனித்தனியே நீரில் கரைத்து, பெனடிக்ட் கரைசலைச் சேர்த்தேன். "பெயர்கள் நான்கு, உடலுக்கு இவை அனைத்தும் ஒன்றே!" என்று முழங்கிவிட்டுச் சூடாக்கினேன்.

தேன் செங்கல் நிறமாயிற்று. பாணி செம்மஞ்சளுக்கும் பனங்கட்டி மஞ்சளுக்கும் மாறின. வெள்ளைச் சீனி மட்டும் நீலமாகவே நின்றது.

மீண்டும் சூடாக்கினேன். நீலம்.

"அப்ப சீனிதான் நல்லம்," என்றார் போடியார், மனைவியைப் பார்த்து. "இஞ்ச, போற வழியில ஒரு கிலோ வாங்குவம்."

"தம்பிர குழாயே சொல்லிப் போட்டு. மறுகா என்ன பேச்சு?" என்றது பின்வரிசைக் குரலொன்று.

விரலைக் காக்க எழுந்த என் உரை, விரலைப் பறிக்கும் ஆலோசனையாக மாறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இரசாயனப் பாடம் நினைவுக்கு வந்தது. வெள்ளைச் சீனி, இரண்டு சீனிகள் பிணைந்த ஒன்று. பிணைப்புப் பிளக்கும்வரை பெனடிக்ட் கரைசல் அதை இனங்காணாது. உள்ளே ஓடி அமிலப் போத்தலை எடுத்துவந்தேன். புதிய சீனிக் கரைசலில் சில துளிகள் விட்டுக் கொதிக்கவைத்தேன். சோடாத் தூளால் அமிலத்தை முறித்து, பெனடிக்ட் கரைசலைச் சேர்த்து மறுபடியும் சூடாக்கினேன். குழாய் செங்கல் நிறமாயிற்று.

"அமிலம் இதில செஞ்ச வேலைய ஒங்கட குடல் தானாச் செய்யும், போடியார். பிளந்தாப் பொறகு சீனியும் தேன் மாதிரித்தான்."

எவரும் கை தட்டவில்லை. போடியார் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் சுட்டினார்.

"சீனியும் இல்ல, பனங்கட்டியும் இல்ல, பாணியும் இல்ல, தேனும் இல்ல. அப்ப எனக்கு என்னதான் தம்பி மிச்சம்?"

அவர் மனைவிதான் சொன்னார்:

"கால் மிச்சம்."

புண் ஆறப் பல மாதங்கள் சென்றன. விரல் தப்பியது.

ஆய்வுகூடத்துக்கு வரும் இளையோருக்கு நான் சொல்வது இது: மக்கள் முன் வைக்கும் சோதனையை முதலில் தனியே செய்து பாருங்கள். ஒரு குழாய் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று அறியாமல் அதைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். நீங்கள் சொல்வதை மறந்துவிடுவோரும், கண்ணால் கண்டதை வீட்டுக்கு எடுத்துச் சென்று அதன்படியே உண்பார்கள்.