மூன்றாம் ஆண்டில் கனடா

ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் தமிழ்ச் சிறுவர் பாட்டுப் போட்டியில் கனடா என்றொரு நாடும் பங்குபற்றுகிறது. அந்தக் கனடா மொன்றியல் நகரத்து லாசாலில், எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் வீட்டுப் பேஸ்மென்டில் இருக்கிறது. ரொறன்ரோக்காரர் தங்களுக்கென்று எத்தனையோ போட்டிகள் வைத்திருக்கிறார்கள். கடல் கடந்து போய்த் தோற்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. தலைவருடைய தமையன் பாரிசில் போட்டி அமைப்பாளர்களில் ஒருவர். ஆகவே மூன்று சமுத்திரங்களைத் தொடும் ஒரு தேசத்தைப் பிரதிநிதித்துவம் செய்யும் பொறுப்பு மொன்றியலில் நாற்பது குடும்பங்களின் தலையில் விழுந்தது.

இந்த ஆண்டு போட்டிக்குப் பத்து வயது. நினைவு மலர் போடுகிறார்கள். ஒவ்வொரு நாடும் தன் பங்குபற்றல் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரவேண்டும். இங்கே மலர் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். நான் எழுதத் தெரிந்தவன் என்பதால் அல்ல, மற்றவர்களுக்கு வேலை இருக்கிறது. புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலை அலுவலகத்தில் நான் பார்ப்பதும் வேலைதான். ஆனால் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் எட்டு மணித்தியாலம் உழைக்கிறான் என்று சொன்னால் அதையும் நகைச்சுவை என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

முதலிரண்டு ஆண்டுகளை எழுதுவது சுலபமாக இருந்தது. முதலாம் ஆண்டு ஒரு பையன் மூக்கு ஒழுகும் தடிமனோடு போய், தடிமனோடு பாடி, கடைசியாக வந்தான். இரண்டாம் ஆண்டு கடைசிக்கு முந்தின இடம். இன்னொரு நாடு மத்தியஸ்தர்களோடு கோபித்துக்கொண்டு மண்டபத்தைவிட்டு வெளியேறியதால் கிடைத்த முன்னேற்றம் அது. இதை "குறிப்பிடத்தக்க வளர்ச்சி" என்று எழுதினேன். நாலாம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் நாங்கள் போகவில்லை. அதன்பிறகு பிள்ளைகள் வீட்டிலிருந்தே காணொளியில் பாடினார்கள். ஒரு நாடு தோற்பதற்கு அது வசதியான முறை. விமானச் சீட்டு வேண்டாம்.

மூன்றாம் ஆண்டு பாடியது என் மகள்.

அந்தப் போட்டியில் ஒரு விதி உண்டு. பாடலின் வரிகளைப் பிள்ளையே எழுதவேண்டும். புலம்பெயர்ந்த பிள்ளைகள் தமிழில் சிந்திக்கிறார்கள் என்று காட்டுவதற்காக யாரோ நல்ல மனிதர் போட்ட விதி. அதன்படி எல்லா நாடுகளிலும் தகப்பன்மார் உட்கார்ந்து எழுதினார்கள். எழுதி முடிந்ததும் தாய்மார் அதை வாங்கி, நாலைந்து இடத்தில் சொல்லைக் குழப்பி, ஒரு வரியை நீளமாக்கி, ஒரு வரியைக் குட்டையாக்கிப் பிள்ளை எழுதியதுபோல ஆக்குவார்கள். பாட்டைப் பிழையாக்குதல் என்று அதற்கு வெளிப்படையாகவே பெயர் இருந்தது. "பிழையாக்கிப் போட்டீங்களோ?" என்று தொலைபேசியில் நாடு விட்டு நாடு விசாரித்துக்கொள்வார்கள்.

மகளுக்கு அப்போது பதினொரு வயது. விதியைச் சொன்னதும் நம்பிவிட்டாள். ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகும் வழியில், யாரோ தவறவிட்ட ஒற்றைக் கையுறையை வேலிக் கம்பியில் செருகிவைத்திருந்தார்கள். மாசி மாதம் முழுக்க அது அங்கேயே நின்றது. அதைப் பற்றி ஒன்பது வரி எழுதிக்கொண்டு வந்தாள். மற்றக் கையுறை எங்கே போனது, அதற்கும் குளிருமா, யாராவது வந்தால் கையாட்டுமா என்று போனது பாட்டு. பாதிச் சொற்கள் பிரெஞ்சு. மெட்டும் அவளுடையதே.

நான் அதை வாசித்துவிட்டு, கையுறையைப் பாடுவதற்கா ஒரு நாடு உன்னை அனுப்புகிறது என்று கேட்டேன். பிறகு மூன்று நாள் லீவு எடுத்து நானே எழுதினேன். குறிஞ்சி முதல் பாலை வரை ஐந்து திணையும் வந்தது. பனிக்கு ஆறாவதாக ஒரு திணையை நானே உண்டாக்கினேன். மனைவி பேனாவோடு வந்து, நாலு இடத்தில் பிழையாக்கித் தருகிறேன், தாருங்கள் என்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை. என் வரியில் பிழை போடுவதா? அந்தப் பாட்டை உலகத்தில் இரண்டு பேர் மதித்தார்கள். இரண்டு பேரும் நான்தான்.

பாரிசுக்கு வெளியே ஒரு மண்டபம். மகள் நன்றாகப் பாடினாள். ஒரு சொல்லும் தவறவில்லை. கைதட்டல் அடங்கியதும் அறிவிப்பாளர், அன்பான மனிதர், ஒலிவாங்கியை அவளுக்கு முன்னால் பிடித்து, "ஐந்து திணையையும் பாடின பிள்ளை, பாலை எண்டால் என்ன எண்டு சபைக்கு ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்" என்றார்.

"எனக்குத் தெரியாது. அப்பாவைக் கேளுங்கோ. அவர்தான் எழுதினவர்" என்றாள் மகள்.

மண்டபம் சிரித்தது. அத்தனை தகப்பன்மாரும் சிரித்தார்கள். தங்கள் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லையே என்ற நிம்மதி அதில் இருந்தது.

மேடைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார்கள். மத்தியஸ்தர் மூன்று பேர் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். மகள் என் பக்கத்தில் நின்று என் கோட்டுக் கையைப் பிடித்திருந்தாள். பாட்டை யார் எழுதியது என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் தெரியும். மூவரில் இருவர் தங்கள் பிள்ளைகளுக்கு எழுதியவர்கள். நான்தான் என்று சொல்லியிருந்தால் பாட்டை நீக்கிவிட்டு, வீட்டில் என்னைப் பற்றி ஒரு கிழமை கதைத்திருப்பார்கள். அவ்வளவுதான்.

"அவதான் எழுதினவ. மேடையைக் கண்டு பயந்துபோய் வாயில வந்ததைச் சொல்லிப்போட்டா" என்றேன்.

என் கோட்டுக் கையை அவள் விட்டுவிட்டாள்.

அவர்கள் தலையாட்டினார்கள். சபை முழுக்கக் கேட்டுவிட்டதால் பாட்டைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டு, பங்குபற்றியதற்கான சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தார்கள். அதிலே பெயருக்குக் கீழே "சுய ஆக்கம்" என்று அச்சடித்திருந்தது. நாங்கள் மொன்றியலுக்குத் திரும்பி வருவதற்குள் கதை எங்களுக்கு முந்தி வந்துவிட்டது. கனடாவுக்கு மூன்றாம் இடம் வர இருந்ததாம், பிள்ளை மேடையில் பயந்துபோய்ப் பொய் சொல்லிக் கெடுத்துவிட்டதாம். கோயிலிலும் பிறந்தநாள் விழாக்களிலும் அவளைப் பார்த்துத் தலையைத் தடவினார்கள். திட்டியிருந்தால் அவளுக்கு நல்லதாக இருந்திருக்கும். அடுத்த வருடம் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்றாள். பாட்டு வகுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, போகாமல் விட்டாள். வீட்டில் என்னோடு பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கினாள். பிரெஞ்சில் என்னால் வாதாட முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

இப்போது அவளுக்குப் பதினெட்டு. மலருக்கு எழுதும் வேலை வந்தபோது, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வைத்து அவளிடம் சொன்னேன். இந்தமுறை உள்ளதை உள்ளபடி எழுதப்போகிறேன் என்று. எழுதுவதற்கு முன்பே அதன் பெருமையை வாங்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் தமிழில் கேட்டாள்:

"ஆர் பொய் சொன்னது எண்டும் இருக்குமோ?"

"ஓம், அதுவும் இருக்கும்."

"அப்ப மலர் வெளியீட்டுக்கு நானும் வாறன்" என்றாள்.

நான் எழுதினேன். மூன்றாம் ஆண்டுக்கு ஒரேயொரு வாக்கியம்: பாடலை எழுதியவர் பிள்ளையின் தந்தை, பிள்ளை உண்மையைச் சொன்னது, தந்தை அதை மறுத்தார். என் வாழ்நாளில் உவமையில்லாமல் எழுதிய வாக்கியம் அது ஒன்றுதான்.

மறுநாள் மத்தியானம் வேலைத்தலத்துக்குத் தலைவர் தொலைபேசி எடுத்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

"அண்ணை, உந்த வசனம் போகேலாது."

"நடந்தது அதுதானே தம்பி."

"நடந்தது ஆருக்குத் தெரியாது? நீங்கள் எழுதினது எண்டு போட்டால், பேந்து நோர்வேக்காரனுக்கு ஆர் எழுதினது, சுவிஸ்காரிக்கு ஆர் எழுதினது எண்டு கேள்வி வரும். பத்து வருசத்துக் கப்பையும் திருப்பிக் குடுக்கச் சொல்லுறியளோ? என்ரை தமையன்ரை நிலைமையையும் யோசியுங்கோ."

நான் மகளைப் பற்றிச் சொன்னேன். அவர், பிள்ளை பயந்துபோனது என்று போடாமல் விடுகிறோம், அவளைப் பற்றி ஒரு சொல்லும் வராது, தவிர்க்க முடியாத காரணங்களால் கனடா இடம்பெறவில்லை என்று மட்டும் போடுவோம் என்றார். அது அவருடைய பெருந்தன்மை. அங்கே நான் கட்டுரையை முழுதாகத் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் முதலிரண்டு ஆண்டுகளைப் பற்றிய பகுதி மிகவும் நன்றாக வந்திருந்தது. அந்தத் தடிமன் பத்தியை இழக்க எனக்கு மனமில்லை. சரி தம்பி என்றேன். எத்தனையோ பேர் என்னை எத்தனையோ பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். தவிர்க்க முடியாத காரணமாக நான் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

மகளிடம் இதைச் சொல்ல எனக்கு மூன்று கிழமை இருந்தது. சொல்லவில்லை.

வெளியீடு லாசாலில், ஒரு ஞாயிறு பின்னேரம். மகள் என்னோடு காரில் வந்தாள். ஏழு வருடத்துக்குப் பிறகு எங்கள் ஆட்களின் மண்டபம் ஒன்றுக்குள் அவள் வந்தது அன்றைக்குத்தான். தலைமயிரை ஒழுங்காகப் பின்னி, ஒரு நல்ல சட்டை போட்டிருந்தாள். பேச்சுகள் முடிந்து மலரைக் கையில் தந்ததும் கனடாப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, எழுத்துக்குக் கீழே விரலை வைத்து வாசித்தாள். தமிழ் எழுத்து அவளுக்கு மெல்லத்தான் வரும். நான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தடிமனைத் தாண்டியது. குறிப்பிடத்தக்க வளர்ச்சியைத் தாண்டியது. மூன்றாம் ஆண்டில் நின்றது. ஒரு முறை வாசித்து, பிறகு தொடக்கத்திலிருந்து இன்னொரு முறை வாசித்தாள். அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானோ?"

"அவை விடேல்லை, அம்மா. நான் எழுதிக் குடுத்தனான்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து, அவளுக்குப் பழைய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஆசிரியை, கடதாசிக் கோப்பையில் தேநீரோடு வந்தார். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. எவ்வளவு வளர்ந்துவிட்டாய் என்றார். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். பிறகு அன்போடு தோளில் கையை வைத்து, "நீதானே அண்டைக்கு மேடையில பயந்துபோன பிள்ளை?" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். அவசரப்படாமல், எனக்கு நேரம் தந்து பார்த்தாள். பேசாமல் நின்றதற்குச் சாட்டாக, சிற்றுண்டிக்குத் தந்த ரோல்ஸ் கூட என் வாயில் இருக்கவில்லை.

"ஓம் ரீச்சர், பயந்திட்டன்" என்றாள் அவள்.

சின்னப்பிள்ளைதானே, அதுக்கென்ன என்றார் ஆசிரியை. நானும் சிரித்தேன். மகள் மலரை மடித்து என்னிடம் தந்துவிட்டு, தான் பஸ்ஸில் போகிறேன் என்று பிரெஞ்சில் சொன்னாள்.